பழைய டீசல் கார் ஸ்டார்ட் ஆகலையா? பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க



மார்கழி மாசம், காலைல 5.30 மணி. தொப்பூர்ல சொந்தக்காரங்க வீட்ல ராத்திரி தங்கிட்டு, அம்மாவை சேலத்துல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். சாவியைத் திருப்புறீங்க. 14 வருஷ டீசல் கார் முனகுது, ஆனா ஸ்டார்ட் ஆகல. பக்கத்துல நிக்கிறவர் ரெண்டு யோசனை சொல்றார். ஒண்ணு, "பம்ப் போயிருக்கும், இருபது முப்பதாயிரம் ஆகும்." இன்னொண்ணு, "சேலம் பக்கம் இறக்கம்தானே, உருட்டி விடுங்க, தானா எடுத்துக்கும்."

முதல் யோசனை உங்க பணத்தைக் காலி பண்ணும். ரெண்டாவது உயிருக்கே ஆபத்து. அதனால ரெண்டாவதை முதல்ல முடிச்சிடுவோம்.

கணவாயில உருட்டாதீங்க

தேசிய நெடுஞ்சாலை 44-ல தருமபுரியிலிருந்து சேலம் போற பக்கம் தொப்பூர் கணவாய் நீளமான இறக்கம். டீசல் கார்ல பிரேக்குக்கு உதவி பண்ற வேக்குவம், எஞ்சின் ஓடினாத்தான் கிடைக்கும். எஞ்சின் ஆஃப்ல இருந்தா ஒண்ணு ரெண்டு தடவை மிதிக்கிற வரைக்கும் பிரேக் பிடிக்கும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிடும். டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல இறங்கின லாரிகளால இங்க விபத்து நடந்ததா எத்தனையோ செய்தி படிச்சிருப்பீங்க. நூறு ரூபாய் டீசலை மிச்சம் பிடிக்கப் போய் எல்லாத்தையும் இழக்கிற கணக்கு அது.

ஒருவேளை வண்டி கணவாயிலேயே நின்னுட்டா, அங்க வச்சு பானெட்டைத் திறந்து ஆராய்ச்சி பண்ணாதீங்க. ஹசார்ட் லைட் போடுங்க, எல்லாரையும் இறக்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க, நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிடுங்க. இன்சூரன்ஸ்ல ரோடுசைடு அசிஸ்டென்ஸ் சேர்த்திருந்தா அந்த நம்பரையும் இன்னிக்கே போன்ல சேமிச்சு வைங்க.

வண்டி வீட்டு வாசல்ல பத்திரமா நிக்குதுன்னா, இப்ப பாடத்துக்கு வருவோம்.

ஒரே விதி: செலவில்லாத சோதனை முதல்ல, பெரிய செலவு கடைசில

டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி நெருக்கும்போது வர்ற சூட்லதான் டீசல் பத்திக்கும். அதனால அதுக்கு மூணே தேவை: வேகமான சுத்து, போதுமான சூடு, காற்று கலக்காத டீசல். இந்த மூணுல எது இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

1. சத்தத்தைக் கேளுங்க (செலவு: 0)

சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரே சத்தம், இல்ல 'டக டக டக'ன்னு வந்தா, இல்ல செல்ஃப் சோம்பலா சுத்தினா, முதல் சந்தேகம் பேட்டரி பக்கம். ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிச்சுப் பாருங்க. லைட் ரொம்ப மங்கினா, பேட்டரி டவுன் அல்லது டெர்மினல் சரியில்ல.

உடனே புது பேட்டரி வாங்கிடாதீங்க. டெர்மினல்ல வெள்ளை, பச்சைப் பொடி படிஞ்சிருந்தா சுத்தம் பண்ணி இறுக்குங்க. எஞ்சினுக்கும் பாடிக்கும் போற எர்த் கேபிளையும் பாருங்க. மல்டிமீட்டர் இருந்தா, நிக்கிற வண்டில 12.6 வோல்ட் இருந்தா பேட்டரி ஃபுல், 12.2-க்குக் கீழ போனா சார்ஜ் தேவை. ஸ்டார்ட் ஆன பிறகு சுமார் 13.8 முதல் 14.5 வரணும். அது வரலன்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணல. அப்ப நீங்க வாங்குற புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துடும்.

2. ஹீட்டர் விளக்கைப் பாருங்க (செலவு: 0)

செல்ஃப் நல்லா வேகமா சுத்துது, ஆனா எடுக்கலையா? சாவி போட்டதும் டேஷ்போர்டுல சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணையுற வரைக்கும் பொறுங்க. நிறைய பேர் செய்யாத வேலை இது. விளக்கே எரியலன்னா ஃபியூஸ், ரிலே பாருங்க.

காலைல குளிர்ல எடுக்காம மத்தியானம் வெயில்ல எடுத்துச்சுன்னா, ஹீட்டர் பிளக் மேல சந்தேகம் வைங்க. இணைப்பைக் கழட்டி மீட்டர்ல பார்த்தா, நல்ல பிளக் பொதுவா 1 ஓம் பக்கத்துல காட்டும். ஒண்ணுமே காட்டலன்னா அது போயிடுச்சு.

3. சைலன்சரைப் பாருங்க (செலவு: 0)

ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும், நீங்க பின்னாடி நில்லுங்க.

* புகையே வரலன்னா, டீசல் எஞ்சினுக்குப் போகல.
* டீசல் வாடையோட வெள்ளைப் புகை வந்தா, டீசல் போகுது, எரியல. ஹீட்டர், சுத்து வேகம், கம்ப்ரஷன் பக்கம் பாருங்க.

4. டீசல் பாதை (செலவு: சில நூறு)

டேங்க்ல டீசல் இருக்கா? கேஜை நம்பாதீங்க. அடுத்து ஃபில்டர். கடைசியா எப்ப மாத்தினீங்கன்னே ஞாபகம் இல்லன்னா, அதுவே பதில். ஃபில்டருக்கு அடியில தண்ணி வடிக்கிற திருகு இருந்தா திறந்து வடிங்க.

கை பம்ப் இருக்கிற வண்டின்னா கெட்டியாகுற வரைக்கும் அழுத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப எடுத்துக்கிட்டா, ராத்திரில எங்கேயோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிப் போகுதுன்னு அர்த்தம். ஒரு ஹோஸ், ஒரு கிளிப், ஒரு வாஷர்ல முடியுற வேலையா இருக்கலாம். பழைய மெக்கானிக்கல் பம்ப்ல, சாவி போட்டதும் ஸ்டாப் சாலினாய்டுல 'டிக்' சத்தம் வருதான்னும் கேளுங்க. அதுக்குக் கரண்ட் வரலன்னா டீசல் பாதை மூடியே இருக்கும். இதைத்தான் சில நேரம் "பம்ப் போச்சு"ன்னு சொல்லிடுவாங்க.

ரெண்டு எச்சரிக்கை. காமன் ரெயில் எஞ்சின்ல நாசில் பைப்பை நீங்களா லூஸ் பண்ணாதீங்க, ஆயிரம் பாருக்கு மேல அழுத்தம் இருக்கும், தோலைக் கிழிச்சு உள்ள போயிடும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின்ல ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீங்க.

5. இதுக்கப்புறம்தான் மெக்கானிக்கிட்ட பம்ப் பேச்சு

பம்பைக் கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: "அண்ணா, எந்த சோதனைல பம்ப்னு தெரிஞ்சுது? கம்ப்ரஷன் பார்த்தாச்சா? மொத்தம் எவ்வளவுன்னு எழுதித் தர முடியுமா?" மாத்தின பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்க. நல்ல மெக்கானிக் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார். நீங்க பார்த்ததையெல்லாம் சொன்னா அவருக்கும் வேலை சுலபம்.

செலவு பண்ணலாமா, வண்டியை விட்டுடலாமா?

"வண்டியே 80,000 தான் போகும், அதுக்கு 40,000 செலவா?"ன்னு கேப்பீங்க. ஒப்பிட வேண்டியது வண்டி விலையோட இல்ல, உங்க அடுத்த வழியோட. 40,000 செலவு பண்ணி 2 வருஷம் ஓடினா மாசம் சுமார் 1,667 ரூபாய். அதே நேரம் 5 லட்சம் கடன், 9% வட்டி, 5 வருஷம்னா இ.எம்.ஐ. மாசம் சுமார் 10,380. ரிப்பேர்தான் லாபம். ஆனா அது ஒரு தடவையோட முடியணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை 40,000-ன்னா மாசம் 6,667 ஆயிடும். மேல வாடகை வண்டி செலவு, கெட்டுப்போன வேலை நாள் வேற.

15 வருஷம் நெருங்குதுன்னா ஆர்.சி. புதுப்பிக்கிறதையும் கணக்குல சேருங்க. 2022 ஏப்ரல் 1-ல 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணமே 5 வருஷத்துக்கு 5,000 ரூபாய்னு ஆச்சு. பசுமை வரி, எஃப்.சி.க்கு முன்னாடி பண்ற வேலை எல்லாம் தனி. பாடி துருப்பிடிச்சு, பிரேக்கும் சரியில்லாம, கம்ப்ரஷனும் இறங்கின வண்டின்னா, அதை வச்சுக்கிட்டு தொப்பூர் இறங்காதீங்க. அங்க மிச்சம் பிடிக்கிறது சிக்கனம் இல்ல.

இன்னிக்கே செய்ய வேண்டியது ஒண்ணுதான். ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டுல வைங்க. பேட்டரி வாங்கின தேதி, ஃபில்டர் மாத்தின தேதி, ஒவ்வொரு ரிப்பேர் பில். அடுத்த தடவை வண்டி முனகும்போது, பக்கத்துல நிக்கிறவர் சொல்றதுக்கு முன்னாடி அந்த நோட்டே உங்களுக்குப் பதில் சொல்லும்.

அடுத்த பதிவுல சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க!