கை நடுக்கமும் பீட்டா தடுப்பு மருந்தும்

ஜினாலயத்தில் அபிஷேகக் கலசத்தை ஏந்துங்கால் கை நடுங்குகிறதே என நாணி, பூசையினின்றே ஒதுங்கிவிடும் முதியோர் நம்மிடையே உளர். முன்வினைப் பயனென்று வாளாவிருப்போரும் உளர். வினையுண்மை நம் கொள்கையே. ஆயினும் நோய்க்கு மருந்துண்பதை நம் அறம் விலக்கவில்லை. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்றன்றோ?

இந்நடுக்கத்தை மருத்துவர் ‘எசென்ஷியல் ட்ரெமர்’ என்பர். கை ஓய்ந்திருக்கையில் பெரும்பாலும் தோன்றாது. குவளையை ஏந்தும்போதும் எழுதும்போதும் தோன்றும். பல குடும்பங்களில் வழிவழியாக வரும். பார்க்கின்சன் நோயிலோ, ஓய்ந்திருக்கும் கையே மிகுதியும் நடுங்கும். தைராய்டு மிகுதியாலும் சில மருந்துகளாலும் நடுக்கம் உண்டாகுமாதலின், முதற்கண் பரிசோதனை வேண்டும்.

இதற்கு நெடுங்காலமாக வழங்கப்படும் மருந்து ‘புரோப்ரனலால்’. 1960-களில் இதய நோய்க்கென இதனைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக், 1988-இல் நோபல் பரிசு பெற்றார். பரபரப்பில் சுரக்கும் அட்ரினலின், தசைகளிலுள்ள பீட்டா ஏற்பிகளைத் தூண்டி நடுக்கத்தை மிகுவிக்கிறது. இம்மருந்து அவ்வேற்பிகளைத் தடுக்கிறது. உண்போருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கேனும் கை நடுக்கம் குறையும். முற்றும் நீங்குதல் அரிது. தலை, குரல் நடுக்கங்களுக்குப் பயன் குறைவு.

நினைவிற் கொள்ள வேண்டுவன:

1. ஆஸ்துமா உடையோர்க்கு இம்மருந்து ஆகாது. நாடித்துடிப்பு மிகக் குறைந்தோரும் இதயத்தில் அடைப்புடையோரும் மருத்துவரிடம் முன்னரே கூறுக.

2. நீரிழிவுடையோர்க்குச் சர்க்கரை தாழும்போது எழும் படபடப்பை இது மறைத்துவிடும். எனவே உபவாசம் ஏற்குமுன் மருத்துவரைக் கலந்து கொள்க.

3. விரத நாளென்று மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. இதயத்திற்குத் தீங்கு நேரும். படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

4. இரவுண்ணாமை காப்போர் அதனை மருத்துவரிடம் தெரிவித்தால், காலையில் ஒருமுறை உண்ணும் வகையைத் தரக்கூடும். அவ்வகை உறைமருந்தாயின், உறை விலங்கின் எலும்பு, தோலினின்று எடுக்கும் ஜெலட்டினா எனக் கேட்டறிக. மாத்திரை வடிவமும் உண்டு.

5. தலைசுற்றல், சோர்வு, கைகால் குளிர்தல் தோன்றினால் தெரிவிக்க.

மது அருந்தினால் நடுக்கம் தணியுமெனச் சிலர் கூறுவர். அத்தணிவு சிறுபொழுதே, பின்னர் நடுக்கம் மிகும். கள்ளுண்ணாமை சிராவகரின் மூலகுணங்களுள் ஒன்றென்பதை நாம் மறத்தலாகாது.

இளையோர்க்கு ஒரு சொல்: நடுங்கும் கையைக் கண்டு நகையாதீர். பிறர் நோக்குகிறார் என்ற கூச்சமே நடுக்கத்தைப் பெருக்கும். கலசத்தில் பாதியளவே நீர் நிரப்பி, தாத்தா பாட்டியர் கையில் தந்து, அருகில் நில்லுங்கள். அதுவும் அகிம்சையே.