இரங்கூன் மல்லியும் எங்கள் வீட்டுக் கூரையும்



எங்கள் வீட்டு வாசலில் இரங்கூன் மல்லிக் கொடி இருக்கிறது. அக்கா கல்யாணமாகிப் போகும் முன் வைத்தது. மாலையில் வெள்ளையாகப் பூக்கும். மறுநாள் ரோஸ் நிறமாகும். பிறகு சிவந்துவிடும். வெள்ளைப் பூவின் வாசனைக்கு இரவில் அந்துப்பூச்சிகள் வரும். நிறம் மாறிய பூவுக்குப் பகலில் தேனீக்கள் வரும்.

போன மழைக்காலத்தில் கொடி ஓட்டுக்குள் நுழைந்து ஓட்டையே தூக்கிவிட்டது. வீடெல்லாம் ஒழுகியது. ஒரு கிளை கரண்ட் கம்பி வரை போய்விட்டது. ஆயா, "வேரோட வெட்டிப் போடுங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு வாய்ப்பு குடு ஆயா" என்று கெஞ்சினேன்.

நாங்கள் செய்தவை:

1. கம்பிப் பக்கம் நாங்கள் கை வைக்கவில்லை. அப்பா ஈ.பி.யில் சொன்னார். லைன்மேன் அண்ணன் கரண்டை நிறுத்திவிட்டு வெட்டினார்.

2. பூத்து முடிந்ததும் கவாத்து செய்தோம். புதுக் கிளையில்தான் பூக்கும். அதனால் வெட்டினால் பயமில்லை.

3. இலை உதிர்ந்தாலும் காம்பின் அடி முள்ளாக நிற்கும். அதை ஊன்றித்தான் கொடி ஏறுகிறது. கையில் துணி சுற்றிக்கொண்டு வெட்டுங்கள்.

4. வேரிலிருந்து முளைக்கும் கன்றுகளை அப்போதைக்கப்போது பிடுங்குகிறோம்.

5. கூரையை விட்டுத் தள்ளித் தனிப் பந்தல் போட்டோம்.

இப்போது மறுபடியும் பூத்திருக்கிறது. ஆயாதான் தினமும் உதிர்ந்த பூவைக் கூட்டுகிறார், திட்டிக்கொண்டே!

குச்சி வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். ஆனால் பந்தல் போட இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, திருநீர்மலை