தையல் மேல் ஒரு கட்டு

தம்பி, படகுக்குப் பிளைவுட்டை அறுத்து, துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து நிறுத்திவிட்டாய் என்று போட்டோ அனுப்பியிருந்தாய். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, கூடவே பயமும் வந்தது. இனிமேல்தான் அவசரப்படாமல் செய்யவேண்டிய வேலை. கம்பி பலகைகளைச் சேர்த்துப் பிடிப்பதற்கு மட்டும்தான். தண்ணீரில் உன்னைத் தாங்கப்போவது அதன்மேல் நீ போடும் ஃபைபர் கட்டு.

ஏழு வயதில் நீ கை உடைத்துக்கொண்டபோது, வடமாலபேட்டையிலிருந்து ராச்சபாளையத்துக்கு எலும்புக் கட்டுப் போட உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா? பச்சிலை, முட்டை வெள்ளை, துணி, மூங்கில் பத்தை. அந்தப் புத்தூர் கட்டில் துணி தனியாக இருந்தால் தொங்கும், முட்டை வெள்ளை தனியாக இருந்தால் உதிரும். இரண்டும் சேர்ந்து இறுகினால்தான் எலும்பு அசையாது. கண்ணாடி இழை நாடாவும் எபாக்ஸி ரெசினும் செய்வது இதே வேலைதான்.

இதை நம்பலாமா என்று கேட்டாய். பிரிட்டனில் 1963-இல் வந்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகை, வீட்டில் இருந்தவர்களே இப்படித் தைத்து ஒட்டி ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். நம் பக்கத்திலும் 1980-களில் கன்னியாகுமரி முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே மீனவர்களோடு சேர்ந்து, அலை அடிக்கிற கரையில் இறக்கும் பிளைவுட் படகுகளைக் கட்டினார். கயிறு போட்டுப் பலகை தைத்த மசூலாப் படகு ஓடியதும் நம் கிழக்குக் கரையில்தான். தையல் நமக்குப் புதிதே இல்லை.

சரி, வேலைக்கு வா. நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான். காலையில் ரெசின் தொடாதே. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், ஈர ரெசினில் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். சாயங்காலம் மரம் குளிரும்போது பூசினால், அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடு பத்து டிகிரி கூடினால் ரெசின் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம்மூர் வெயிலுக்கு ஐந்து மணிக்குமேல் ஆரம்பிப்பதே நல்லது.

ஒரே தடவையில் நூறு கிராமுக்குமேல் ரெசினை ஹார்டனரோடு கலக்காதே. என் முதல் கயாக்கின்போது மதிய வெயிலில் அரைக் கிலோவை ஒரு மக்கில் கலந்தேன். பத்து நிமிஷத்தில் புகைந்து, மக்கே உருகிவிட்டது. கலக்கியதும் அகலமான தட்டில் ஊற்றிவிடு, சூடு பரவிப்போகும். ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாதே. டப்பாவில் எடை போட்டிருந்தால் எடை, அளவு போட்டிருந்தால் அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் கட்டு பலவீனமாகத்தான் போகும்.

முதலில் உள்பக்கம். கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ரெசின் பட்டி வைத்து ஒட்டு. மறுநாள் கம்பியை உருவிவிட்டு, மூலை முழுக்கப் பட்டி இழு. பட்டிக்கு, சலித்த மரத்தூளை ரெசினில் போட்டு வேர்க்கடலைத் துவையல் பதத்துக்குக் கொண்டுவா. கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. கரண்டி முதுகால் ஒரே இழுப்பாக இழு. கண்ணாடி இழை கூர்மையான மூலையில் மடங்காது, வளைவு இருந்தால்தான் படியும். பட்டி முழுசாக இறுகுமுன் நாடாவைப் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகவே இறுகும், நடுவில் தேய்க்கும் வேலையும் மிச்சம்.

மூன்று இஞ்ச் நெசவு நாடா வாங்கு. கடையில் மலிவாக மேட் கொடுப்பார்கள், வேண்டாம். அதில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் கரைவதற்காகப் போட்டது. எபாக்ஸியில் சரியாகக் கரையாமல் விறைத்து நிற்கும். பாலியஸ்டரையே வாங்கலாமே என்றால், மரத்தில் அது எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதே.

மரத்தில் மெல்ல ரெசின் தடவு, நாடாவை வை, பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனை. வெள்ளையாகத் தெரிகிற இடம் ரெசின் குடிக்காத இடம், அங்கேதான் பின்னால் பிரியும். பளபளவென்று தேங்கினால் பழைய ஏடிஎம் கார்டால் வழித்து எடு. நெசவு கண்ணாடிபோலத் தெளிந்து, இழையின் வரி கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

அப்புறம் படகைக் கவிழ்த்து, வெளி விளிம்புகளை விரல் உருண்டு போகும்படி தேய்த்து, அங்கேயும் நாடா போடு. இறுகிய ரெசின்மேல் சில சமயம் மெழுகுபோல ஒரு பிசுக்கு படியும். உப்புத்தாள் எடுக்குமுன் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவு. கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு பரவி, அடுத்த பூச்சு பிடிக்காது.

கையுறை இல்லாமல் ரெசினைத் தொடாதே, இதில் நான் கண்டிப்பு. எபாக்ஸி அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் போகாது. கையில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவு. தேய்க்கும்போது மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் போடு. அம்மா வடாம் காயவைக்கும் பக்கம் தூசி போகாமல் பார்த்துக்கொள்.

ஒரு வாரம் நிழலில் விடு. மேல்மூடி போடுமுன் படகைப் பழைய டயர்கள்மேல் வைத்து, வெளித் தையல் முழுக்கக் கோலமாவைத் தூவித் தடவி, உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்று. மாவு எங்கே ஈரமாகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போட்டு வை. வெயில் பட்டால் எபாக்ஸி கெடும், அதனால் கடைசியாகப் பெயிண்ட் வேண்டும். அதை நான் வரும்போது சேர்ந்து அடிக்கலாம். லைஃப் ஜாக்கெட் வாங்கி வருகிறேன், அதுவரை ஏரியில் முழங்கால் ஆழத்தைத் தாண்டாதே.