ஊர்த் தண்ணியும் பல் பூச்சும்

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். போர் தண்ணி குடித்து வளர்ந்தவள். ஏழு வயதில் முளைத்த முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு விழுந்தது. கல்லூரி குரூப் போட்டோ ஒன்றில்கூட நான் பல் தெரியச் சிரித்ததில்லை. தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுக்கதை அல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடுக்குப் பயந்து வந்ததுதான். 2013-ல் அந்தத் தண்ணீர் வந்தபோது என் பல் கறைபட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அதனால், சென்னையில் பல் டாக்டரம்மா என் நாலு வயது மகனைப் பார்த்துவிட்டு, “ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிடலாம்மா” என்றதும் எனக்குப் பகீரென்றது. ஊரிலிருந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏன் கண்ணு, நம்ம பல்லைக் கெடுத்த அதையேவா காசு குடுத்துப் பூசப் போறே?” என்றார். நியாயமான கேள்விதான். அதையே டாக்டரிடம் கேட்டேன்.

பையனின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, பல்லைப் பஞ்சால் ஒற்றிக் காட்டினார். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றினதுபோல வெள்ளைப் பட்டை. ஈரமாக இருந்தவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. சொத்தையின் முதல் படி அதுதானாம். ஓட்டை விழவில்லை, திரும்ப இறுகிவிட வாய்ப்பு உண்டு. மூன்றரை வயதுவரை சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் கொடுத்துத் தூங்கவைத்தது யார்? நான்தான்.

எனக்கு வந்த கறை வேறு வழி. தாடைக்குள் பல் உருவாகும் வயதில், வருஷக்கணக்காகக் குடித்த தண்ணீரிலிருந்து உள்ளே போன ஃப்ளோரைடு எனாமலைக் கெடுத்தது. வார்னிஷ் வேலை செய்வதோ முளைத்துவிட்ட பல்லின் மேற்பரப்பில். கிருமிகளின் அமிலம் எனாமலிலிருந்து கரைத்தெடுக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எச்சிலிலிருந்து திரும்பப் படியவைக்க ஃப்ளோரைடு உதவுகிறது. வார்னிஷில் ஃப்ளோரைடு 22,600 பிபிஎம் என்று கேட்டு மிரண்டேன். சாதாரணப் பற்பசையில் 1,000 முதல் 1,450வரைதான். ஆனால் பால் பற்களுக்குப் பூசுவது கால் மில்லி. எச்சில் பட்டதும் பல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒரேயடியாக வயிற்றுக்குள் போவதில்லை. ஆய்வுகளைத் தொகுத்த 2013 காக்ரேன் அறிக்கை, பால் பல்லில் சொத்தை சராசரியாக 37 சதவீதமும் நிலைப்பல்லில் 43 சதவீதமும் குறைந்ததாகச் சொல்கிறது. வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறோம் என்றும் டாக்டர் விசாரித்தார். எங்கள் மாதிரி ஊர்க்காரர்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

பூசியது இரண்டு நிமிஷம் இருக்கும். டாக்டரும் நானும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்தோம். பையன் என்னைப் பார்த்தபடி என் மடியில் இருந்து, தலையை மட்டும் அவர் மடியில் சாய்த்துக்கொண்டான். ஊசி கிடையாது, மிஷின் சத்தம் கிடையாது. குட்டி பிரஷ்ஷால் நாலு இழுப்பு. “பல்லுல கோந்து ஒட்டியிருக்கு” என்று மட்டும் புகார்.

அன்று சாயங்காலம் அவன் சிரித்தபோது பல் மஞ்சளாகத் தெரிந்தது. என் பல்லையே பார்த்ததுபோல ஒரு நொடி அடிவயிறு கலங்கியது. வார்னிஷில் இருக்கும் பிசினின் நிறம்தான் அது. மறுநாள் காலை பிரஷ் பண்ணியதும் போய்விட்டது. முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கலாம்.

இன்னொரு தப்பும் செய்தேன். காலை நேரத்தில் கூட்டிப்போனதால், மத்தியானமே முறுக்கைக் கடித்துப் பாதியை உரித்துவிட்டான். நாலு மணி நேரமாவது கடினமானது, சூடானது கூடாது. அன்றிரவு பிரஷ்ஷும் வேண்டாம். அடுத்த முறை சாயங்காலம் நேரம் வாங்கினேன். இட்லி ஊட்டி, பல் தேய்த்துக் கூட்டிப்போய், வந்து ராத்திரிக்குத் தயிர் சாதம். பிரச்சினையே இல்லை.

பல வார்னிஷ்களில் பைன் மரப் பிசின் உண்டு. பிசின், பிளாஸ்திரி ஒவ்வாமை இருந்தாலோ, ஆஸ்துமா இருந்தாலோ, வாயில் புண் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு தடவை பூசி மறந்துவிடும் சமாச்சாரமும் இல்லை இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சொத்தை வாகு அதிகமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. விழுந்துவிட்ட ஓட்டையை இது அடைக்காது. இரவுப் பால் பாட்டிலை நிறுத்தாமல் பூசுவது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதுதான். நாங்கள் பாட்டிலைத் தூக்கிப் போட்ட வாரம் வீட்டில் யாரும் தூங்கவில்லை என்பது வேறு கதை.

இப்போது அவனுக்கு ஆறு வயது. பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறது. இதையும் பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல், போனால் வேறு முளைக்காது. அதன் பள்ளங்களில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். அங்கே வார்னிஷை விடப் பள்ளத்தையே அடைக்கும் சீலன்ட் தேவைப்படலாம். உங்கள் பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கினால் இன்றைக்கே டார்ச் அடித்து அந்த இடத்தைப் பாருங்கள்.