மூன்று உயிரும் ஓர் உயிரும்: ‘ஜுமான்ஜி’ திரைப்படத்தில் நிலையாமை

முன்னுரை

ஓர் உடலை விட்டு மற்றோர் உடலுள் புகும் ‘கூடுவிட்டுக் கூடு பாய்தல்’ நமக்குப் புதியதன்று. விக்கிரமாதித்தன் கதைகளிலும், மூலன் என்னும் ஆயனின் உடலுள் புகுந்த திருமூலரின் வரலாற்றிலும் அதனைக் காண்கிறோம். அவற்றை நினைவூட்டும் கற்பனையொன்று, வீடியோ விளையாட்டு என்னும் புதுக்கருவியின் வழியே ஓர் அமெரிக்கத் திரைப்படத்தில் இடம்பெற்றுள்ளது. ஜேக் காஸ்டன் இயக்கத்தில் 2017 டிசம்பரில் வெளிவந்த ‘ஜுமான்ஜி: வெல்கம் டு தி ஜங்கிள்’ என்பதே அப்படம். சண்டையும் சிரிப்பும் கலந்த பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத்தக்க இப்படத்தினுள் நிலையாமை பற்றிய சிந்தனை ஒன்று இழையோடுவதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் திரையும்

கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1981இல் எழுதி ஓவியம் தீட்டிய சிறுவர் நூலே இக்கதைக்கு மூலம். 1995இல் ராபின் வில்லியம்ஸ் நடிப்பில் அது முதன்முறையாகத் திரைப்படமாயிற்று. அவ்விரண்டிலும் விளையாட்டுப் பலகையிலிருந்து காட்டு விலங்குகள் வீட்டிற்குள் வருகின்றன. 2017ஆம் ஆண்டுப் படமோ இதனைத் தலைகீழாக்கி, ஆடுவோரையே காட்டிற்குள் அனுப்புகிறது. 1996இல் அலெக்ஸ் என்னும் இளைஞன் பலகை விளையாட்டைப் பழமையானது என்று புறக்கணிக்க, ஒரே இரவில் அது வீடியோ விளையாட்டாக மாறிவிடுகிறது. காலத்திற்கேற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் பொறியாக அது படைக்கப்பட்டுள்ளது.

உடலும் உள்ளமும்

இருபது ஆண்டுகளுக்குப் பின், பள்ளியில் தண்டனை பெற்ற நான்கு மாணவர் அவ்விளையாட்டினுள் ஈர்க்கப்படுகின்றனர். அவர்களுள் ஸ்பென்சர், நண்பன் ஃப்ரிட்ஜுக்காகக் கட்டுரை எழுதிக் கொடுத்து, அவனுடன் சேர்ந்து அகப்பட்டுக்கொண்டவன். நம் வகுப்பறைகளிலும் இத்தகைய ‘உதவி’ அறியப்படாததன்று.

காட்டினுள் ஒவ்வொருவரும் தமக்கு நேர்மாறான உடலைப் பெறுகின்றனர். அஞ்சி நடுங்கும் ஸ்பென்சர் வலிமை மிக்க வீரனாகிறான். உயரமான விளையாட்டு வீரன் ஃப்ரிட்ஜ், பை சுமக்கும் குள்ளமான துணைவனாகிறான். தன்னழகையே எண்ணி வாழ்ந்த பெத்தனி, நடுவயதுப் பருத்த ஆடவராகிறாள். கூச்சம் மிக்க மார்த்தா போர்த்திறம் வாய்ந்த பெண்ணாகிறாள்.

தொல்காப்பியர் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுவார். அவற்றுள் எள்ளலும் பேதைமையும் இப்படத்தில் மிகுதி. உருவம் குறுகிய ஃப்ரிட்ஜைக் கண்டு எழும் சிரிப்பு எள்ளலின்பாற்படும். புதிய உடலின் இயல்பறியாமல் நால்வரும் தடுமாறுவது பேதைமையின்பாற்படும். சில நகைச்சுவைகள் நம் அவைக்கு ஏற்றனவல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், உடல் மாறியபோதும் உள்ளம் மாறவில்லை என்னும் முரணே படத்தின் சிரிப்பிற்கு வேராக அமைகிறது.

மலிந்த உயிர்

ஆட்டத்தின் விதிப்படி ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர்கள் உண்டு. கையில் உள்ள மூன்று கோடுகள் அவற்றைக் காட்டும். இறந்தவர் வானிலிருந்து மீண்டும் விழுவார். ஒரு கோடு மறையும். பெத்தனியை நீர்யானை விழுங்குகிறது. கேக் உண்ட ஃப்ரிட்ஜ் வெடித்துச் சிதறுகிறான். பார்ப்போர் சிரிக்கின்றனர். ஒரு சச்சரவில் ஃப்ரிட்ஜ் தன் நண்பனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடவும் செய்கிறான். உயிர் மலிந்த இடத்தில் கொலையும் விளையாட்டாகிவிடுகிறது என்பதை இங்கு உணர்கிறோம்.

அருகிய உயிர்

கோடுகள் குறையக் குறையச் சிரிப்பும் குறைகிறது. முன்னரே காட்டில் சிக்கிய அலெக்ஸுக்கு எஞ்சியது ஓர் உயிரே. அதனையும் இழக்க அஞ்சி அவன் முன்னேறாமல் ஒதுங்கி வாழ்கிறான். சில மாதங்களே கழிந்தன என அவன் எண்ணியிருக்க, வெளியுலகில் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அச்சத்தால் உயிரைக் காத்தவன் வாழ்வை இழந்தான் எனலாம்.

கொசுக்கடியால் அவன் இறக்கும் தறுவாயில், பெத்தனி தன் உயிர்களுள் ஒன்றை அவனுக்கு ஊட்டுகிறாள். அவள் கையில் ஒரு கோடு மறைகிறது. கைப்பேசியைப் பிரிய மனமில்லாதிருந்தவள் உயிரையே பகிர்ந்தளிப்பது படத்தின் உச்சம் என்பது நம் கருத்து. இறுதிப் போரில் மார்த்தாவும் தோழர்களுக்காகப் பாம்புக்கடியைத் தானே வலிந்து ஏற்கிறாள்.

கடைசி உயிருடன் நிற்கும் ஸ்பென்சர், மிச்ச உயிர் இருந்தபோது வாய்த்த துணிவு இப்போது இல்லையே என்று கலங்குகிறான். நமக்கு என்றுமே இருந்தது ஓர் உயிர்தானே என்னும் கருத்துப்பட ஃப்ரிட்ஜ் மறுமொழி கூறுகிறான். நண்பனை மலையிலிருந்து தள்ளியவன் வாயிலிருந்தே இம்மொழி பிறப்பது எண்ணத்தக்கது. வீர உடல் கற்பிக்காத துணிவை, ஓர் உயிரே உண்டென்னும் தெளிவு கற்பிக்கிறது.

முடிவுரை

இம்மை ஒருமுறையே வழங்கப்படும் வாய்ப்பு. அதில் செய்தவற்றுக்கு மறுமையில் கணக்குண்டு என்பது இஸ்லாம் கற்பிக்கும் நெறி. வள்ளுவரும் நிலையாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். ஆட்டம் முடிந்தால் மீண்டும் தொடங்கலாம் என்னும் பழக்கத்தில் வளரும் தலைமுறைக்கு, ஒரு விளையாட்டுப் படமே இவ்வுண்மையை நினைவூட்டுவது வியப்பிற்குரியது. தேறாத தாளை அரியராக மீண்டும் எழுதலாம். கழிந்த பருவத்தை மீண்டும் எழுத இயலாது.

காட்டிலிருந்து மீண்ட அலெக்ஸ் தன் காலத்திற்கே திரும்பி, வளர்ந்து, குடும்பத் தலைவனாகிறான். தன் மகளுக்குப் பெத்தனி என்று பெயரிடுகிறான். மிச்சம் பிடித்து வைத்த உயிர் எதுவும் அப்படத்தில் நிலைக்கவில்லை. பிறர்க்கு ஈந்த உயிரே ஒரு குழந்தையின் பெயராய் நிலைத்தது. மாணவர்கள் இதனைச் சிந்தித்தல் நலம்.