இரண்டு சிம், ஒரு பந்தி

களமருதூர்

அன்புள்ள தம்பி,

"வைஃபையும் சிம்மும் ஒண்ணா ஓடினா வேகம் ரெண்டு மடங்காகாதா சார்?" என்று போன வாரம் திண்ணையில் கேட்டாயே, அது இன்னும் காதிலேயே நிற்கிறது. செல்போன் கடையில் யாரோ சொன்னார்களாம். கடைக்காரர் கூட்டல் கணக்குப் போடுகிறார். இது கூட்டல் கணக்கு இல்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பார். சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வரிசை மாறாமல் இலைக்கு வரவேண்டும். பரிமாற இரண்டு பேர். ஒருவன் பறக்கிறான், இன்னொருவன் சமையல்கட்டு வாசலில் வம்பளக்கிறான். சோற்றுக்கூடை வம்பளப்பவன் கையில் சிக்கிவிட்டால்? சாம்பார் வாளியும் ரச வாளியும் இலைக்கு எதிரே வந்து நிற்கும், ஊற்ற முடியாது. வாளி வைக்க இடமும் தீர்ந்தால் பறந்தவனும் கைகட்டி நிற்பான். இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையும் பைட்டுகளை வரிசைப்படிதான் செயலியிடம் கொடுக்கும். முன்னது வரும்வரை பின்னதெல்லாம் பஃபரில் கிடக்கும். பஃபர் நிரம்பினால் அனுப்புவதும் நின்றுபோகும். 20 மில்லிசெகண்டில் போய்வரும் பாதையோடு 300 மில்லிசெகண்டு பாதையைக் கட்டினால், சமயத்தில் ஒற்றைப் பாதையே மேல். எந்தப் பொட்டலம் எந்த வழி என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர்தான், ஒரே இணைப்பைப் பல பாதைகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபிக்கு உயிர். என் அக்கா மகன் கல்யாணத்தில் மோருக்குப் பிறகு சாம்பார் வந்த கதையை நேரில் சொல்கிறேன்.

இன்னொன்று: இரண்டு பாதையும் ஒரே நெரிசலில் மாட்டினால் இரண்டு பங்கு பிடுங்கக் கூடாது என்று 2011இன் இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6356 கடிவாளமே போட்டிருக்கிறது.

பிறகு எதற்கு இந்த மல்டிபாத் டிசிபி? வைஃபை எல்லையைத் தாண்டினால் முகவரி மாறும், சாதா டிசிபி இணைப்பு அறுந்துவிடும். இதிலோ புதுப் பாதை ஒரு டோக்கனைக் காட்டிப் பழைய இணைப்பிலேயே சேர்ந்துகொள்ளும். பாதைக்கொரு வரிசை எண், மொத்தத் தரவுக்குத் தனி வரிசை எண். ஒரே எண்ணை இரண்டு வழியில் பிரித்தால் இடையிடையே ஓட்டை விழும். வழியிலிருக்கும் ஃபயர்வால் சந்தேகப்பட்டுத் தடுத்துவிடும். 2013இல் ஐஓஎஸ் 7இல் சிரி என்ற குரல் உதவியாளருக்கு ஆப்பிள் இதைக் கொடுத்தது, நடந்துகொண்டே பேசினாலும் அறுபடாமல் இருக்கத்தான். 2020 மார்ச்சில் இதற்கான ஆர்எஃப்சி 8684 வந்தது. அதே மாதம் மல்டிபாத் டிசிபி லினக்ஸ் 5.6இலும் நுழைந்தது. எதிர்முனை சர்வருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய டிசிபிதான். கடைக்காரர் இதைச் சொன்னாரா?

பாதை இரண்டு என்றால் அவை உண்மையிலேயே வேறுவேறாகவும் இருக்க வேண்டும். போன மாதம் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறினேன். என் இரண்டு சிம்மும் ஒரே வளைவில் செத்தன. இரண்டுக்கும் ஒரே கோபுரம் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா, உன்னுடையவை எந்தக் கோபுரத்தைப் பிடிக்கின்றன என்று பார்ப்போம்.

அன்புடன்,
உன் வாத்தியார்