மாத்திரை போட்டும் டி.எஸ்.ஹெச். இறங்கவில்லையே?

கேள்வி: ஒரு வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறேன். அசதி போகவில்லை. டி.எஸ்.ஹெச். 9 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஏன் டாக்டர்?
– வாசகி, சீயமங்கலம்

பதில்: டி.எஸ்.ஹெச். தைராய்டில் சுரப்பதல்லம்மா; தைராய்டை வேலை வாங்க, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி போடும் அதட்டல். சுரப்பி சோம்பினால் அதட்டல் கூடும். பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை சரி. 9 என்றால் மருந்து போதவில்லை, அல்லது உடம்பில் சேரவில்லை.

காபியோடு போடுகிறீர்களா? வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அளவை நீங்களே கூட்டாமல் ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மறு பரிசோதனை 6 முதல் 8 வாரம் கழித்து. அதற்கு முன் பார்ப்பது காசுக்குத்தான் கேடு. கர்ப்பமாக இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். டி.எஸ்.ஹெச். இறங்கியும் அசதி விடவில்லையென்றால் ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லுங்கள்.